எடுத்தவர் பெயரையும் சொல்லுங்கள்

“உங்களுக்குப் பிடித்த படம் எது?”

நம்மவர்கள் நாலு பேர் கூடும் எந்த இடத்திலும் இந்தக் கேள்வியைப் போட்டுப் பாருங்கள். திருமண விருந்தோ, தீபாவளித் திறந்த இல்லமோ, அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு மேசையோ, அடுத்த அரைமணி நேரத்துக்குப் பேச்சு ஓயாது. ஆனால் வரும் பதில்களைக் கொஞ்சம் கவனியுங்கள். “ரஜினின்னா பாட்ஷா.” “கமல்னா நாயகன்.” “தளபதிக்குக் கில்லிதான்.” படத்தின் பெயருக்கு முன்னால் நடிகரின் பெயர் வந்து நின்றுகொள்ளும். இரண்டாவது நிமிடத்தில் பேச்சு, யார் பெரியவர் என்ற சண்டைக்குப் போய்விடும்.

அதே மூவரிடம், “பாட்ஷாவை எடுத்தது யாரு?” என்று கேட்டால் ஒரு சின்ன அமைதி. சுரேஷ் கிருஷ்ணா என்று யாராவது சொன்னால் ஆச்சரியம். நாயகனுக்கு மணிரத்னம் என்று வந்துவிடும். கில்லிக்குத் தரணி என்று சொல்ல ஆள் தேட வேண்டும். இத்தனைக்கும் இந்த மூன்று படங்களையும் வசனம் மாறாமல் ஒப்பிக்கக் கூடியவர்கள் நாம்.

பெட்டாலிங் ஜெயாவில் ஒரு மாமாக் கடையில் நாங்கள் ஐந்து பேர், மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை இரவு சந்திப்போம். ஓர் ஆசிரியை, ஒரு தாதி, கணினித் துறையில் இருக்கும் இரண்டு இளைஞர்கள், நான். வயது 26 முதல் 58 வரை. ஒவ்வொருவரும் ஒரு படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். விதி ஒன்றே ஒன்றுதான். நடிகர் பெயரைச் சொல்லக் கூடாது, எடுத்தவர் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும். விதியை மீறுபவர் அன்றைக்கு எல்லாருக்கும் தே தாரிக் வாங்கித் தர வேண்டும்.

விளையாட்டாகத் தொடங்கியதுதான். மூன்று ஆண்டுகளில் அது எங்களை எங்கெங்கோ கூட்டிப்போய்விட்டது. இந்த வாரம் அதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

தெறி வில்லன் எடுத்த படம்

எங்கள் கூட்டத்தில் இளையவர் தீவிர விஜய் ரசிகர். பழைய படம் என்றால் அவருக்கு 2004க்கு அப்புறம் வந்தது. “எழுபதுகளில் வந்த ஒரு படம் இருக்கு, பார்க்கிறியா தம்பி?” என்று கேட்டால் கைப்பேசியை எடுத்துக்கொண்டு குனிந்துவிடுவார். அதனால் வேறு வழியில் போனேன்.

“தெறி படத்துல ஒரு பெரியவர் வில்லனா வருவாரே, வெள்ளை வேட்டி சட்டையில, சத்தமே போடாம மிரட்டுவாரே, ஞாபகம் இருக்கா?”

“இருக்கு அண்ணே. செம மிரட்டல்.”

“அவரு ஒரு டைரக்டர். அவர் எடுத்த படத்தைப் பார்க்கிறியா?”

அப்போதுதான் தலை நிமிர்ந்தது. அந்தப் பெரியவர் ஜெ. மகேந்திரன். 1978இல் ‘முள்ளும் மலரும்’ எடுத்தவர். அதற்கு முன் வசனகர்த்தாவாகப் பெயர் வாங்கியவர். ‘தங்கப் பதக்கம்’ படத்துக்கு எழுதியவர் அவர்தான். வசனத்தால் கைதட்டல் வாங்கிய அதே மனிதர், தானே படம் எடுக்க வந்தபோது வசனத்தைக் குறைத்துவிட்டார். முள்ளும் மலரும் படத்தில் மலைமேல் உள்ள மின்நிலையத்தில் விஞ்ச் ஓட்டுகிற காளிக்குத் தங்கைதான் உலகம். கை ஒன்றை இழந்தபின் அவன் அழுது புரளுவதில்லை. படம் அந்த அமைதியிலேயே நம்மைக் கொண்டுபோய் நிறுத்துகிறது. கடைசிக் காட்சியைச் சொல்லமாட்டேன். பார்த்தவர்களுக்குத் தெரியும், பார்க்காதவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி பார்த்தார். மறுமாதம் வந்து, “அண்ணே, இவரு வேற என்ன எடுத்திருக்காரு?” என்றார். இந்தக் கேள்வி வருவதற்குத்தான் எடுத்தவர் பெயரைச் சொல்ல வேண்டும் என்கிறேன். நடிகரின் பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் அடுத்து கிடைப்பது அவருடைய இன்னொரு படம். அது எப்படிப்பட்ட படமாகவும் இருக்கலாம். இயக்குநரின் பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் அதே பார்வையில் இன்னொரு கதை கிடைக்கும். அப்படித்தான் தம்பி ‘உதிரிப்பூக்கள்’ படத்துக்கு வந்து சேர்ந்தார். புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’ கதையிலிருந்து கிளம்பி, அதைவிட்டு வெகுதூரம் போன படம் அது. வந்த ஆண்டு 1979. பெரிய நட்சத்திரம் யாரும் கிடையாது. முழுப்படத்தையும் ஒரே மூச்சில் பார்த்து முடித்ததாகச் சொன்னார்.

இதில் ஒரு சுவையான செய்தியும் உண்டு. தன்னை அறிமுகப்படுத்திய கே. பாலசந்தரே மேடையில் கேட்டபோது, தனக்குப் பிடித்த இயக்குநர் என்று ரஜினி சொன்ன பெயர் மகேந்திரன். நட்சத்திரத்தைக் கேட்டாலும் அவர் எடுத்தவரைத்தான் சொல்கிறார் என்றால், ரசிகர்களான நாமும் சொல்லலாம்.

ஒரு பெயர், ஒரு பரம்பரை

கர்நாடக சங்கீதத்தில் இன்னாரின் சீடர் என்று சொல்லும் வழக்கம் உண்டு. சினிமாவிலும் அது இருக்கிறது, நாம்தான் கவனிப்பதில்லை.

தெறியையே எடுத்துக்கொள்ளுங்கள். இயக்கிய அட்லீ, ஷங்கரிடம் எந்திரன், நண்பன் படங்களில் உதவி இயக்குநராக இருந்தவர். ஷங்கர் பயின்றது எஸ். ஏ. சந்திரசேகரிடம். சந்திரசேகர் யார்? விஜய்யின் அப்பா. ஆக, அப்பாவிடம் தொழில் கற்றவரிடம் தொழில் கற்றவர் வந்து மகனை இயக்குகிறார். இதைச் சொன்னபோது எங்கள் தம்பி தே தாரிக் கிளாஸை அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இன்னொரு கிளை. 1977இல் ‘16 வயதினிலே’ எடுத்த பாரதிராஜாவிடமிருந்து பாக்யராஜ் வந்தார். பாக்யராஜிடமிருந்து பார்த்திபனும் பாண்டியராஜனும் வந்தார்கள். பாரதிராஜாவிடம் இருந்த மணிவண்ணனிடமிருந்து சுந்தர் சி. வந்தார். நாம் குடும்பத்தோடு சிரித்துப் பார்க்கும் எத்தனையோ படங்களின் வேர், ஒரு கிராமத்துக் கதையை ஸ்டூடியோவுக்கு வெளியே கொண்டுபோய் எடுத்த அந்த மனிதரிடம் போய் முடிகிறது.

எங்கள் தாதி அக்காவுக்கு வெற்றிமாறன் என்றால் உயிர். ‘அசுரன்’ படத்தைத் திரையரங்கில் மூன்று முறை பார்த்தவர். அது பூமணியின் ‘வெக்கை’ நாவல் என்று தெரிந்ததும் நாவலையும் வாங்கிப் படித்தார். வெற்றிமாறனின் குரு பாலு மகேந்திரா என்று ஒருநாள் ஆசிரியை எடுத்துச் சொன்னார். பாலா, ராம், சீனு ராமசாமி எல்லாரும் அதே பட்டறையிலிருந்து வந்தவர்கள். பாலு மகேந்திரா இலங்கை மட்டக்களப்பில் பிறந்தவர். நான் மேலே சொன்ன முள்ளும் மலரும் படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவரும் அவரே. இப்படி ஒரு பெயரை இழுத்தால் இன்னொரு பெயர் கூடவே வருகிறது.

“சரி, இவரு படத்துல எதைப் பார்க்கலாம்?” என்றார் தாதி அக்கா. ‘மூன்றாம் பிறை’ என்று சொல்ல எல்லாருக்கும் வாய் வந்தது. ஆனால் ஆசிரியை ஒரு கணம் யோசித்துவிட்டு, “நீங்க ‘வீடு’ பாருங்க” என்றார்.

காரணம் எங்கள் எல்லாருக்கும் புரிந்தது. அக்காவும் அவர் கணவரும் அந்தச் சமயத்தில் ஒரு வீடு வாங்க வங்கிக் கடனுக்காக அலைந்துகொண்டிருந்தார்கள். ஒரு வங்கி கைவிரித்திருந்தது. இன்னொரு வங்கியில் பாரங்கள் போய்க் கிடந்தன. ‘வீடு’ 1988இல் வந்த படம். வாடகை வீட்டைக் காலி செய்யச் சொன்னதால், சம்பளத்தை நம்பி ஒரு சின்ன வீடு கட்டப் புறப்படும் பெண்ணின் கதை. கடன், குத்தகைக்காரர், சிமெண்ட் மூட்டை, லஞ்சம் என்று ஒவ்வொரு படியிலும் ஓர் இடி. பாட்டே கிடையாது. வயதான தாத்தா, பாதி கட்டிய வீட்டைப் பார்க்கத் தனியாகக் கிளம்பிப்போகும் ஒரு காட்சி இருக்கிறது. சொக்கலிங்க பாகவதர் சுவரைத் தொட்டுப் பார்க்கும் விதத்தை மறக்க முடியாது.

தாதி அக்கா பார்த்துவிட்டுச் சொன்னது இதுதான்: “எங்க வீட்டுக்காரர் எதையும் வெளியே சொல்லமாட்டாரு. படம் முடிஞ்சதும் ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாரு. அப்புறம்தான், ‘லோன் கிடைக்கலேன்னா என்ன பண்றதுன்னு ராத்திரியில தூக்கமே வர்றதில்லை’ன்னாரு. கல்யாணமாகி ஒன்பது வருஷத்துல அப்படி அவர் பேசி நான் கேட்டதே இல்லை.”

கேசட் கடை அண்ணன்

ஆசிரியை செய்த இந்த வேலையை அந்தக் காலத்தில் கேசட் கடைக்காரர்கள் செய்தார்கள். வீடியோ கேசட்டுகளை வாடகைக்கு எடுத்த தலைமுறைக்கு நான் சொல்வது புரியும். பேராக்கில் எங்கள் பட்டணத்தில் ஒரு கடை இருந்தது. கல்லாவில் உட்கார்ந்திருக்கும் அண்ணன், நாம் கேட்ட கேசட்டோடு நாம் கேட்காத ஒன்றையும் எடுத்துப் பையில் போடுவார். “இதையும் கொண்டுபோ. அம்மாவுக்குப் பிடிக்கும். பிடிக்கலேன்னா காசு வேணாம்.”

அவருக்கு எங்கள் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரியும். எங்கள் தாத்தா இறந்த மாதத்தில் அழுகைப் படம் எதையும் கொடுக்காமல் காசேதான் கடவுளடா, காதலிக்க நேரமில்லை என்று கொடுத்துக்கொண்டே இருந்தார். “ஸ்ரீதர் எடுத்தது. சிரிக்கவும் வைப்பாரு, அழவும் வைப்பாரு. இப்போ சிரிங்க, அழறதை அப்புறம் தர்றேன்” என்றார் காதலிக்க நேரமில்லை படத்தைக் கையில் கொடுக்கும்போது. ஒரு வருடம் கழித்து, சொன்னபடியே ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ வந்தது. இரண்டையும் எடுத்தவர் ஒருவரே என்பதை எட்டு வயதில் அவரிடம்தான் தெரிந்துகொண்டேன்.

இன்று கைப்பேசியும் தொலைக்காட்சியும் நமக்குப் படம் சிபாரிசு செய்கின்றன. நாம் நேற்று என்ன பார்த்தோம் என்று அவற்றுக்குத் தெரியும். வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை, யாருக்கு வேலை போயிருக்கிறது, எந்த மகள் அப்பாவோடு பேசாமல் இருக்கிறாள் என்பதெல்லாம் தெரியாது. அது நமக்குத்தான் தெரியும். அதனால் படத்தைக் கையில் எடுத்துக் கொடுக்கும் வேலையை நாம் விட்டுவிடக் கூடாது.

மலாய்ப் படத்தில் நம் பெயர்

என் அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் ஒரு மலாய்ப் பெண்மணி. பிரேம்குமார் எடுத்த ‘96’ படத்தை அவருக்குச் சொன்னேன். மலாய் வசன வரிகளோடு பார்த்துவிட்டு மறுநாள் கண் வீங்கி வந்தார். பதிலுக்கு அவர் எனக்கு பி. ரம்லியைக் கொடுத்தார். நாமெல்லாம் சிறுவயதில் தொலைக்காட்சியில் பார்த்துச் சிரித்த அதே பி. ரம்லிதான். ஆனால் அவர் சொன்னது சிரிப்புப் படத்தை இல்லை. ரம்லியே இயக்கிய ‘இபு மெர்துவாகு’, 1962இல் வந்தது. மாமியாரின் சூழ்ச்சியால் வாழ்க்கையையும் கண்ணையும் இழக்கும் ஓர் இசைக்கலைஞனின் கதை. நம் சிவாஜி படங்களில் அழுது பழகியவர்களுக்கு இந்தப் படம் சொந்த வீடு மாதிரி இருக்கும்.

பெயர் தேடும் பழக்கம் விடுமா? ரம்லிக்கு முன்னால் யார் என்று தேடினேன். 1948இல் ‘சிந்தா’ படத்தில் அவரை அறிமுகப்படுத்தியவர் பி. எஸ். ராஜ்ஹன்ஸ், இந்தியாவிலிருந்து வந்தவர். 1950இல் ‘பக்தி’ படத்தில் அவரைக் கதாநாயகனாக்கியவர் எல். கிருஷ்ணன், நம் தமிழர். 1956இல் ‘ஹங் துவா’ எடுத்தவர் வங்காளத்து ஃபனி மஜும்தார். சிங்கப்பூர் ஸ்டூடியோக்களில் இவர்கள் வேலை செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்த்த ரம்லி, 1955இல் ‘பெனாரெக் பெச்சா’ படத்தில் தானே இயக்குநர் ஆனார்.

இதைப் பக்கத்து மேசைக்காரரிடம் சொன்னேன். “அப்படியானால் நம் இரண்டு பேர் வீட்டுப் படமும் ஒரே இடத்தில்தான் தொடங்கியிருக்கிறது” என்றார் மலாயில். பெயர்ப் பட்டியல் ஓடும்போது எழுந்து போயிருந்தால் இது எங்கள் இருவருக்குமே தெரிந்திருக்காது.

நம் ஊரில் எடுத்தவர்கள்

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான இடத்துக்கு வருகிறேன்.

சென்னையிலிருந்து படப்பிடிப்புக்கு இங்கே வந்தவர்களை நமக்கு நன்றாகத் தெரியும். 1978இல் எஸ்.பி. முத்துராமன் ‘ப்ரியா’வுக்காகவும், மறு ஆண்டு கே. பாலசந்தர் ‘நினைத்தாலே இனிக்கும்’ படத்துக்காகவும் சிங்கப்பூர் வந்தார்கள். ‘பில்லா’வுக்கு விஷ்ணுவர்தன் வந்தார், ‘கபாலி’க்கு பா. இரஞ்சித் வந்தார். கபாலி வெளியான 2016ஆம் ஆண்டில் டிக்கெட்டுக்கு நாம் பட்ட பாடு நமக்கே தெரியும்.

இங்கேயே பிறந்து, இங்கேயே படம் எடுக்கிறவர்களில் எத்தனை பேர் பெயர் நமக்குத் தெரியும்?

ரப்பர்த் தோட்டத்தில் படிக்க ஆசைப்படும் ஒரு பெண்ணின் கதையை, 2005இல் ‘செம்மண் சாலை’ என்று எடுத்தவர் தீபக் குமரன் மேனன். குடும்பத்தோடு சிரித்துப் பார்க்க ‘வெட்டிப் பசங்க’ போன்ற படங்களைத் தந்தவர் விமலா பெருமாள். சிங்கப்பூரில் கே. ராஜகோபால் எடுத்த ‘எ யெல்லோ பேர்ட்’ 2016இல் கான் திரைப்பட விழாவின் விமர்சகர் வாரத்துக்குப் போனது. அதற்கு எட்டு ஆண்டுகள் முன்பு, தமிழ் பேசும் ஒரு மந்திரவாதித் தகப்பனின் கதையான ‘மை மேஜிக்’ கான் விழாவின் முதன்மைப் போட்டிக்கே தேர்வானது. எடுத்தவர் எரிக் கூ, தமிழர் இல்லை. யாஸ்மின் அகமட்டும் தமிழர் இல்லை. ஆனால் 2009இல் அவர் எடுத்த ‘டேலண்டைம்’ படத்தில் வரும் மகேஷ், காது கேளாத நம் வீட்டுப் பையன். அவன் அம்மாவின் கோபமும் துயரமும் நம் தெருவில் நாம் பார்த்தவை. அந்தப் படம் வந்து சில மாதங்களில் யாஸ்மின் காலமானார். அப்போது அவருக்கு வயது 51தான்.

என் அக்காள் மகளுக்கு வயது 24. சைபர்ஜெயாவில் வேலை. தமிழ்ப் படம் என்றால் பாட்டும் சண்டையும் என்று முடிவுகட்டி, கொரியத் தொடர் பக்கம் போய்விட்டவள். அவளுக்கு முதலில் டேலண்டைம் கொடுத்தேன். பிடித்துவிட்டது. அடுத்து, சஞ்சய் குமார் பெருமாள் எடுத்த ‘ஜகாட்’ படத்தைக் கொடுத்தேன். 2015 டிசம்பரில் வந்தது. தொண்ணூறுகளின் தொடக்கம். தோட்டத்தை விட்டு வந்து புறம்போக்கு நிலத்தில் குடிசை போட்ட ஒரு குடும்பம். அப்போய் என்ற 12 வயதுப் பையன், கற்பனை நிறைந்தவன். படிப்பு ஒன்றே விடிவு என்று அடித்து வளர்க்கும் அப்பா. இன்னொரு பக்கம் குண்டர் கும்பல் அவனைக் கூப்பிடுகிறது. கெட்டவன் என்பதற்கான மலாய்ச் சொல் நம் வாயில் விழுந்து ஆன உருவம்தான் தலைப்பு.

அவள் என் அம்மா வீட்டில் இருக்கும்போது, கூடத்துத் தொலைக்காட்சியில் அதைப் போட்டிருக்கிறாள். பத்து நிமிடத்தில் எனக்குச் செய்தி வந்தது. “மாமா, இது நாம பேசுற தமிழ்!” சென்னைத் தமிழ் பேசாத ஒரு தமிழ்ப் படத்தை அவள் முதல்முறையாகப் பார்க்கிறாள்.

அடுத்து நடந்ததை அவள் தொலைபேசியில் சொன்னாள். சமையலறையில் இருந்த பாட்டி வந்து நின்று பார்த்திருக்கிறார். பிறகு உட்கார்ந்திருக்கிறார். படம் முடிந்ததும், “எங்க தோட்டத்தை வித்தப்பவும் இப்படித்தான் வந்தோம்” என்று தொடங்கினாராம். ஒரு லாரியில் ஏழு பேர். கட்டில் வேண்டாம், அலமாரி வேண்டாம் என்று தாத்தா ஒவ்வொன்றாக விட்டுவரச் சொல்ல, அம்மிக்கல்லை மட்டும் விடமாட்டேன் என்று மடியில் வைத்துக்கொண்டு வந்தாராம். வந்த இடத்தில் இரண்டு வருடம் மின்சாரம் இல்லை.

அந்தக் கல் இன்னும் பின்கட்டில் கிடக்கிறது. சின்ன வயதில் அதன்மேல் ஏறி நின்றுதான் என் அக்காள் மகள் கொடியில் துணி எடுப்பாள். அது எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியாது. எனக்கும் அன்றைக்குத்தான் தெரியும். அந்த லாரியில் நானும் இருந்தேன், ஆனால் எனக்கு அப்போது மூன்று வயது. அம்மா அதைப் பற்றி எங்களிடம் பேசியதே கிடையாது. நாங்களும் கேட்டதில்லை.

சொன்னால்தான் இரண்டாவது படம்

ஜகாட் படத்தை அதிகம் பேரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது வாய்மொழிதான். பார்த்தவர் பார்க்காதவரிடம் சொல்லிச் சொல்லி அது ஓடியது. மலேசியத் திரைப்பட விழாவில் மொழியை வைத்துப் படங்களைப் பிரிப்பதா என்று 2016இல் பெரிய விவாதம் எழுந்தது நினைவிருக்கும். அந்த விழாவில் சிறந்த மலேசியத் திரைப்படம் என்ற விருதை இந்தத் தமிழ்ப் படம்தான் பெற்றது.

எல்லா உள்ளூர்ப் படத்துக்கும் அந்த யோகம் வாய்ப்பதில்லை. நம் நாட்டில் புதுப் படங்கள் பெரும்பாலும் வியாழக்கிழமை வருகின்றன. முதல் வார இறுதியில் கூட்டம் இல்லையென்றால் காட்சிகள் குறையும், குறைந்ததும் நல்ல நேரமும் போய்விடும். மதியம் இரண்டு மணிக் காட்சிக்கு வேலைக்குப் போகிறவர் எப்படிப் போவார்? நாம் “அடுத்த வாரம் பார்க்கலாம்” என்று நினைக்கும்போது அடுத்த வாரம் படம் இருக்காது. ஃபினாஸின் கட்டாயத் திரையீட்டுத் திட்டம் ஒரு படத்தைத் திரை வரைக்கும் கொண்டுவரும். இருக்கையில் ஆள் உட்கார வேண்டுமே, அது நம் கையில் இருக்கிறது.

பெரிய நட்சத்திரப் படத்துக்கு நம் சிபாரிசு தேவையில்லை. சுவரொட்டியும் விளம்பரமும் அந்த வேலையைச் செய்துவிடும். உள்ளூர் இயக்குநருக்கு விளம்பரமே நாம்தான். அவர் முதல் படத்தைச் சேமிப்பைப் போட்டோ, கடன் வாங்கியோ எடுத்துவிடுவார். இரண்டாவது படம் எடுப்பாரா என்பது முதல் படத்தை எத்தனை பேர் பார்த்தார்கள், அவர் பெயரை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. இரண்டாவது படம் எடுக்காமல் போனால், நம் வீட்டு அம்மிக்கல் கதைகளை எடுக்க வேறு ஊரிலிருந்து யாரும் வரப்போவதில்லை.

கடைசியாகச் சில அனுபவ வார்த்தைகள், எங்கள் மாமாக் கடை மேசையிலிருந்து.

ஒரே நேரத்தில் பத்துப் படம் சொல்லாதீர்கள். பத்து சொன்னால் ஒன்றும் பார்க்கமாட்டார்கள். ஒன்றே ஒன்று சொல்லுங்கள், அது ஏன் அவருக்கு என்றும் சொல்லுங்கள். அவர் ஏற்கெனவே விரும்பும் ஒரு படத்திலிருந்து பாதை போடுங்கள். கதையைச் சொல்லிவிடாதீர்கள், எந்த இடத்தைக் கவனிக்க வேண்டும் என்று மட்டும் கோடி காட்டுங்கள். கூட உட்கார்ந்து பார்த்தால், “இப்ப பாரு, இப்ப பாரு” என்று தொடையைத் தட்டாதீர்கள். பிடிக்கவில்லை என்றால் வாதாடாதீர்கள். எங்கள் ஆசிரியைக்கு உதிரிப்பூக்கள் இன்றுவரை பிடிக்கவில்லை. அதனால் நட்பு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

எடுத்தவர் பெயரை மறக்காமல் சொல்லுங்கள். வீட்டில் படம் முடிந்ததும் உடனே தொலைக்காட்சியை அணைக்காமல் பெயர்கள் ஓடும் வரை இருங்கள். பிள்ளைகள் கூட இருந்தால் ஒரு பெயரையாவது அவர்களை வாசிக்கச் சொல்லுங்கள். தமிழ் வாசிக்கப் பழகியது போலவும் ஆகும்.

அடுத்த வாரத்துக்குள் எனக்கு ஒரு வேலை செய்யுங்கள். உங்களுக்குப் பிடித்த ஒரு படம், எடுத்தவர் பெயர், அதை யாருக்குக் கொடுக்க ஆசைப்படுகிறீர்கள், ஏன் என்று நாலு வரி எழுதி இந்தப் பகுதிக்கு அனுப்புங்கள். அம்மாவுக்கா, பேசாமல் இருக்கும் தம்பிக்கா, புதிதாக வந்த மருமகளுக்கா? நடிகர் பெயரை எழுதினால் தே தாரிக் உங்கள் கணக்கு. உள்ளூர்ப் படமாக இருந்தால் எனக்கு இரட்டை மகிழ்ச்சி. வருகிற கடிதங்களில் எங்கள் ஐந்து பேருக்குத் தெரியாத பெயர் ஒன்று இருந்தால், அந்தப் படத்தைத்தான் இந்த மாதக் கடைசிச் சனிக்கிழமைக்கு எடுத்துக்கொள்வோம்.